குறுக்கே நிற்பவர்

ஜூன் ஆறாம் தேதி, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு, பதினோரு அறைகள் கொண்ட அந்த வீட்டின் மாடியில், தொட்டிலுக்கு மேலிருந்த கேமரா இணைப்பை இழந்தது. ஒன்பது நிமிடம் கழித்துத் தானாகவே திரும்பியது. முந்தைய ஐந்து வேலை நாட்களும் அப்படித்தான்.

மறுநாள் மதியம் மீட்டர்காரர் வந்தார். வை-ஃபை அளக்கும் கருவியைக் கையை விட்டு இறக்கவே மாட்டார் என்பதால் தொழிலில் அவருக்கு அந்தப் பெயர்.

"பதினோரு ரூமுக்கு ஹால்ல ஒரே ஒரு வை-ஃபை பெட்டியா? அதுவும் பாவம், என்னதான் பண்ணும்?"

அன்று விடுப்பில் இருந்த குழந்தையின் தாய் சிரிக்கவில்லை. குழந்தை ஏழாம் மாதத்திலேயே பிறந்தது. உறக்கத்தில் சில சமயம் மூச்சு நின்று நின்று வரும். கேமரா நெஞ்சின் அசைவைப் பார்த்துக்கொண்டிருக்கும். அசைவு நின்றால் அலுவலகத்தில் அவளுடைய போன் அலறும். கேமரா நிற்கும் ஒன்பது நிமிடமும் அவளுக்கு உயிர் கையில் இல்லை.

பகலில் பிள்ளையோடு இருப்பவள் கணவனின் அக்கா. அவள் சமையலறையில் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டுத் தாய் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணிதான் பிளக்கைப் பிடுங்கறாங்கன்னு தோணுது. குழந்தை ரூம் வாசல்ல தினமும் நாற்காலி போட்டு உட்கார்ந்துக்கறாங்க. ஏன்னு கேட்டா வாயே திறக்கறதில்ல."

மீட்டர்காரர் பெட்டியின் பதிவுகளைத் திறந்து பார்த்தார். மின்சாரம் ஒருமுறைகூடப் போகவில்லை. சிக்னல்தான் இளைத்து இளைத்து அற்றுப்போயிருந்தது.

"யாரும் பிடுங்கலைம்மா. ஏதோ மறைக்குது. மனுஷ உடம்பு பாதிக்கு மேல தண்ணி. ஆள் குறுக்க நின்னாலே சிக்னலைக் குடிச்சிரும். அதனாலதான் கடைசியா அளக்கும்போது வீட்ல ஈ, காக்கா இருக்கக் கூடாதும்பேன்."

"ஆள் குறுக்க நின்னா…" என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

மாடிப்படி வளைவில் ஒன்று, நடையின் கோடியில் ஒன்று, பின்னறையில் ஒன்று என மூன்று சிறிய பெட்டிகளைப் பொருத்தி முடித்தபோது மணி மூன்று. தாய், குழந்தை, அண்ணி மூவரையும் தோட்டத்துக்கு அனுப்பினார். வீட்டு வரைபடத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு தனியாக மாடி ஏறினார்.

நடையில் சிக்னல் நூற்றுக்கு எண்பத்தாறு. பிரமாதம்.

எழுதிக்கொள்வதற்குள் ஐம்பதுக்கு இறங்கியது. மறுபடி எண்பத்தாறு.

தன் உடம்புதான் மறைக்கிறதோ என்று, பல வருடங்களில் முதல் தடவையாக, கருவியைத் தரையில் வைத்துவிட்டு விலகி நின்றார். நடை வெறுமையாக இருந்தது. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. நாள்பட ஈரத்தில் கிடந்த துணியின் வாடை மெல்ல வந்தது.

எண்பத்தாறு. ஐம்பது. எண்பத்தாறு.

யாரோ நடந்து கடந்ததுபோல.

குழந்தையின் அறை வாசலில் அண்ணியின் நாற்காலி காலியாக இருந்தது. அங்கேயும் எண் இறங்கி ஏறியது. உள்ளே போய்த் தொட்டிலுக்கு அடியில் கருவியை வைத்தார். மூன்று மணி பத்து.

எழுபது.

நாற்பது.

பன்னிரண்டு.

இம்முறை ஏறவில்லை.

ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். மூவரும் தோட்டத்தில்தான் இருந்தார்கள். அண்ணி மட்டும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவரை அல்ல. அவருக்குப் பக்கத்தில்.

அவர் கீழே இறங்கியதும் அண்ணி வாசலிலேயே மறித்தாள்.

"தம்பி, எங்க நின்னுச்சு?"

"தொட்டில் பக்கத்துல."

அவள் முகம் வெளுத்தது. "நான் உட்கார்ந்திருந்தா ரூம் வாசலைத் தாண்டாது. ஒன்பது நிமிஷம் எனக்கு முன்னாடி நின்னுட்டுப் போயிடும். இவகிட்ட சொன்னா என்னைப் பைத்தியம்பா."

தாய் குழந்தையோடு வந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணி உங்ககிட்ட என்ன குசுகுசுக்கறாங்க?"

"ஒண்ணுமில்லம்மா. அவங்க மேல தப்பில்ல."

"ஆள் குறுக்க நின்னா சிக்னல் போயிடும்னு நீங்கதானே சொன்னீங்க? வாசல்ல உட்கார்ந்திருக்கறது யாரு? அவங்கதானே?"

மீட்டர்காரர் வரைபடத்தைப் பார்த்தார். நடை, வாசல், தொட்டில்: மூன்று பென்சில் புள்ளிகள். வீட்டில் வேறு ஒருவரும் இல்லாதபோதே சிக்னல் விழுந்த இடங்கள். இதைச் சொன்னால் தன்னையும் அண்ணியின் கணக்கில்தான் சேர்ப்பாள். தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"பழைய வீடு. சுவர் கனம்" என்றார்.

சனிக்கிழமை கணவன் தன் அக்காவைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் அவளுடைய வீட்டில் விட்டுவந்தான். ஞாயிறன்று ஒரு தாதியை அமர்த்தினார்கள். பதினோரு அறைகளிலும் சிக்னல் முழுமையாக இருப்பதாக மீட்டர்காரர் அறிக்கை அனுப்பினார்.

திங்கட்கிழமை மூன்று பத்துக்குக் கேமரா நின்றது. மூன்று பத்தொன்பதுக்குத் திரும்பவில்லை. தாய் அலுவலகத்திலிருந்து தாதிக்குப் போன் செய்தாள். தாதி கீழே பால்புட்டி கழுவிக்கொண்டிருந்தாள். அவள் மாடி ஏறும்போது மூன்று இருபத்தைந்து. அப்போதுதான் படம் திரும்பி வந்தது. தாய் அதை அப்படியே மீட்டர்காரருக்கு அனுப்பினாள்.

குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. மூச்சு சீராக இருந்தது.

வாசலில் இருந்த நாற்காலி தொட்டிலை ஒட்டிக் கிடந்தது.

அதை நகர்த்தியது தாதி அல்ல.