கண் மாத்திரையில் வெள்ளைப் பொடி

காலை ஏழு மணி. சாந்தோம் கோயிலில் ஆர்கன் வாசித்த லியோனார்ட், தன் வீட்டு வாசற்படியில் மண்டை உடைந்து நினைவில்லாமல் கிடந்தார்.

பத்து நாளாகவே தள்ளாட்டம்தான். நடுப்பார்வை மங்கிய மனிதர், தடுமாறுகிறார் என்று வீடே நினைத்தது. கண்ணுக்கென்று டாக்டர் எழுதிய, கூட்டுக்குள் பொடி அடைத்த சத்து மாத்திரையை ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் தவறாமல் விழுங்குவார்.

பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்தது. ரத்தத்தில் தூக்க மருந்து.

இன்ஸ்பெக்டர் ஹனீஃபா கண் மாத்திரை ஒன்றைப் பிரித்தார். உள்ளே வெள்ளைப் பொடி. கடையில் புதுசு வாங்கிப் பிரித்தார். அது துலுக்கச் சாமந்தியிலிருந்து எடுத்த சத்து, செங்காவி நிறம். விரலில் ஒட்டியது சோப்புக்கும் போகவில்லை.

"மாத்திரை யாரு குடுக்கிறது?"

"மேரிதான்," என்று பட்டென்று சொன்னாள் மகள் டீனா. வீட்டை விற்கச் சொல்லி அப்பாவோடு மல்லுக்கு நின்றவள் அவள்.

சமையல்கார ஆரோக்கியமேரி வெடித்தாள். "நான் இன்னா சார் கண்டேன்? பாட்டில் ஹால்லதான் கீது. மாடில கீற மேத்யூகூட ராத்திரி சோத்துக்கு இங்கதான் வரும். என்ன உள்ள வெச்சிட்டா எம்பொண்ணு யாருகிட்ட நிக்கும்?"

ஹனீஃபா யாரையும் நம்புகிற ஆள் இல்லை. அழுகிறவர்களைக் கொஞ்சம்கூட நம்பமாட்டார். ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. மாத்திரைகளிலிருந்து கொட்டிய செங்காவிப் பொடி எங்கே? மேரியின் அறை, டீனாவின் வாஷ்பேசின், குப்பைத்தொட்டி, சாக்கடை வாய், எங்கேயும் கறை இல்லை.

மாடி ஏறினார். அங்கே லியோனார்டின் அக்கா மகன் மேத்யூ. ஈஸ்டருக்குள் காலி பண்ணு என்று மாமா அவனிடம் சொல்லியிருந்தார்.

"உக்காருங்க சார். பாவம், மாமா கண்ணு தெரியாம விழுந்துட்டாரு. முட்டை அவிச்சேன், சாப்பிடுங்க. நம்ம மொட்டைமாடிக் கோழிதான்."

வழக்கு இருக்கிற வீட்டில் ஹனீஃபா பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார். முட்டையைப் பிட்டுப் பார்த்துவிட்டுத் தட்டிலேயே வைத்தார். மஞ்சள் கரு செக்கச்செவேலென்று இருந்தது.

"கோழிக்கு இன்னா போடுற?"

"ரேஷன் அரிசிதான் சார். வேற எதுக்குச் செலவு?"

"வெறும் அரிசிக்குக் கரு வெளுத்துதான் கிடக்கும். கரு செவக்கணும்னு பண்ணைக்காரன் தீவனத்துல கலக்குறதே சாமந்திப் பொடியத்தான். எங்க உன் தீவன டப்பா?"

மேத்யூ எழவில்லை. ஹனீஃபாவே போய் மூடியைத் திறந்தார். அரிசி செங்காவியாகக் கிடந்தது.

"மாமா உருண்டு செத்தா பழி கண்ணு மேல. உனக்கு மாடி நிலைக்கும். சரிதான? ஏண்டா, பொடிய கக்கூஸ்ல கொட்டித் தண்ணி ஊத்தியிருந்தா தப்பிச்சிருப்பியே!"

மேத்யூ தலையைத் தொங்கப்போட்டான். "அது வெல ஜாஸ்தி சார். தூக்கிப்போட மனசு வரல."

சாயங்காலம் லியோனார்டுக்கு நினைவு திரும்பியது. டாக்டரைக் கேட்டுக்கொண்டு, புதுப் பாட்டிலிலிருந்து ஒரு மாத்திரை எடுத்தாள் மேரி. ஹனீஃபா அதைப் பிடுங்கிப் பிரித்தார். விரலில் செங்காவி ஒட்டியது.

"இது சரி," என்றார். "இப்ப வேற ஒண்ணு எடுத்துக் குடு."