முப்பத்தோராம் நம்பர் மங்கல்

"அது பேய்."

சொன்னவன் பக்கத்து சீட்டில் இருந்தான். நிஷாந்தினி திரும்பிப் பார்த்தாள். வெள்ளவத்தையில் ஏறும்போதே மழை பிடித்துவிட்டது. புறக்கோட்டை பஸ் முழுக்க ஈரக் குடைகள், நனைந்த சட்டைகள்... பேய் நிற்கக்கூட இடமில்லை.

"என்ன சொன்னீங்க?"

"உங்கட போன்ல இருக்கிற படம்... முப்பத்தொண்டாம் நம்பர்தானே? கிட்ட ஒரு பெரிய நட்சத்திரம் இருந்தா, அதின்ர வெளிச்சம் தொலைநோக்கிக் கண்ணாடிக்குள்ள பட்டுத் தெறிச்சு இப்பிடி மங்கலா விழும். நாங்கள் அதைப் பேய் எண்டுதான் சொல்லுறது."

அந்த நம்பர் இவனுக்கு எப்படித் தெரியும்?

அவளும் சேர்ந்த இருபது பேர் கொண்ட ஒரு குழு, வானத்தின் படங்களை இணையத்தில் அலசிக்கொண்டிருந்தது. தேடுவது குறு விண்மீன் மண்டலங்களை. சில ஆயிரம் நட்சத்திரங்களே உள்ள, கண்ணாடியில் மூச்சுப் பட்ட தடம்போல் மங்கிய கூட்டங்கள். ஒருவர் கண்டெடுத்ததை இன்னொருவர் தனியாகப் பார்த்து 'ஆம்' அல்லது 'இல்லை' போடவேண்டும். ஒருவருக்கு மற்றவர் யாரென்று தெரியக்கூடாது. பெயர் இல்லை, நம்பர் மட்டும். அவள் கண்டெடுத்த முப்பத்தொன்றாவது மங்கலுக்கு 'இல்லை' போட்டிருந்தது ஏழாம் நம்பர் ஆள்.

"ஏழாம் நம்பர்... நீங்களா?"

"ஓம். அப்ப நாலாம் நம்பர் நீங்களோ! நான் ஆரோ தாடி வைச்ச ஒரு புரொபஸர் எண்டெல்லோ நினைச்சனான்."

"நான் ஏழாம் நம்பர ஒரு சோம்பேறின்னு நெனச்சேன். இப்பவும் அப்படித்தான்."

அவன் சிரித்தான். இமையில் ஒரு மழைத்துளி தொங்கிக்கொண்டிருந்தது... சிரித்ததில் விழுந்தது. அதைத் தான் ஏன் கவனித்தோம் என்று அவளுக்கு எரிச்சல் வந்தது.

பெயர் றெஜியாம். வெள்ளவத்தையில் வீடு. கொள்ளுப்பிட்டியில் இறங்கவேண்டியவன், வாக்குவாதத்தில் புறக்கோட்டைவரை வந்துவிட்டான்!

"ஒரே படத்த பார்த்துட்டு எப்படி பேய்னு சொல்லுவீங்க? வேற நாள் எடுத்த படம் பார்த்தீங்களா?"

"இல்லை..."

"அப்ப பேசாதீங்க."

பேசாமல் இருக்க அவளால் முடியாது. திங்கட்கிழமை உதவித்தொகை நேர்முகம். சொந்தமாகக் கண்டுபிடித்த பட்டியலோடு வருபவருக்குத்தான் ஆராய்ச்சிக்கு இடம். அவள் பட்டியலில் அழகானது, பெரியது, முப்பத்தொன்றுதான். தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லயன் அறையில் பிறந்து, வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கி, பட்டத்தை வைத்துக்கொண்டு வெள்ளவத்தைப் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லி அலைகிறவளுக்கு அடுத்த கதவு அது ஒன்றுதான்.

இரண்டு நாள் கழித்து, பட்டியலைத் திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முப்பத்தொன்றுக்கு எதிரே ஏழாம் நம்பரின் 'இல்லை' போய், 'ஆம்' வந்திருந்தது.

வேறு பெண்ணாயிருந்தால் மகிழ்ந்திருப்பாளோ என்னவோ... இவள் போனை எடுத்து, பஸ்ஸில் அவன் தந்த நம்பரை அழுத்தினாள்.

"வேற படம் பார்த்தீங்களா?"

"இல்லை... உங்கட முகம்தான் திரும்பத் திரும்ப வந்தது. அதான்..."

"என் மூஞ்சிய பார்த்து வானத்துல இருக்கிறது மாறுமா றெஜி? பாவம் பார்த்தீங்களோ? எனக்குப் பிச்ச போட்டீங்களோ?"

"ஐயோ, பாவம் இல்லை, அது வேற..."

"வேறன்னா இன்னும் மோசம்!"

கையோடு குழுவுக்கு எழுதிவிட்டாள்: 'நாங்கள் சந்தித்துவிட்டோம். முப்பத்தொன்றுக்கு இருவரும் போட்டது செல்லாது. மறுபடி சோதிக்கிறேன்.' திங்கட்கிழமை கண்முன் நின்றது. ஆனாலும் அனுப்பினாள்.

சனிக்கிழமை பகல், வெள்ளவத்தைத் தேத்தண்ணிக் கடையில் அவள் லேப்டொப்பும் கையுமாய் இருக்க, றெஜி வந்து நின்றான். அவன் கையில் நான்கு படங்கள். நான்கு வேறு இரவுகளில், தொலைநோக்கியைச் சற்றே தள்ளித் தள்ளி எடுத்தவை.

"தொலைநோக்கி அசைஞ்சா பேயும் இடம் மாறும். இது... மாறேல்லை. நான் பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவள் நெஞ்சு துள்ளியது. அப்படியானால் மண்டலம்தானா? சொல்லிவிடலாமே... இல்லை. இன்னுமொரு சோதனை பாக்கி. தொலை அகச்சிவப்புப் படத்தைத் திறந்தாள். நட்சத்திரக் கூட்டமாயிருந்தால் அதில் ஒன்றும் தெரியாது. தூசியாயிருந்தால் ஒளிரும்.

ஒளிர்ந்தது. முப்பத்தொன்றின் அதே வளைவு, அதே வால்.

நம் பால்வீதிக்குள், வீட்டு வாசலிலேயே மிதக்கும் வெறும் தூசி மேகம். பின்னால் எந்த மண்டலமும் இல்லை.

"பேயும் இல்ல, மண்டலமும் இல்ல," என்றாள். "ரெண்டு பேருமே பிழை."

றெஜி அவள் கண் கலங்கியதைப் பார்த்தான்... தேத்தண்ணியை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினான். அவள் முப்பத்தொன்றைத் தன் கையாலேயே பட்டியலிலிருந்து வெட்டினாள்.

"திங்கட்கிழமைக்கு என்ன செய்யப்போறீங்கள்?"

"மிச்சத்த கொண்டு போவேன். நான் கண்டுபிடிச்சு, நீங்க யாருன்னே தெரியாம 'ஆம்' போட்டது நாலு இருக்கு. சின்னது, இன்னும் மங்கல். ராத்திரியெல்லாம் நாலையும் தூசிக்கும் பாத்துட்டேன், பேய்க்கும் பாத்துட்டேன். நிக்குது. முப்பத்தொண்ணு எப்படி விழுந்திச்சுன்னும் சொல்லுவேன். கேட்கட்டும்."

"நிஷாந்தினி... அண்டைக்கு நான் மாத்தினது பாவத்தில இல்லை. எனக்கு உங்களை..."

"தெரியும். இருங்க, நான் சொல்றேன்." அவள் நிமிர்ந்து அவன் கண்ணையே பார்த்தாள். "உங்க மேல எனக்கு அவ்வளவு கோவம். அந்தக் கோவத்திலயும் போன் அடிச்சா நீங்களான்னு பார்த்தேன். எனக்கு உங்கள பிடிச்சிருக்கு. ஆனா 'பொண்ணு எந்த ஊர்'னு உங்க அம்மா கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"நீங்கள் இப்ப இருக்கிற கொட்டாஞ்சேனை எண்டு..."

"இல்ல. பொகவந்தலாவ தோட்டம். லயன் வீடு. அப்பா அழகர், புறக்கோட்டையில மூட்ட எறக்குறார். இத சொல்ல முடியும்னா மட்டும் ஓம்னு சொல்லுங்க."

அவன் போனை எடுத்தான். அவள் முன்னாலேயே, ஸ்பீக்கரில் போட்டு, அம்மாவின் நம்பரை அழுத்தினான்.

"அம்மா... பொகவந்தலாவ லயன் வீட்டுப் பிள்ளை ஒராள், தகப்பன் புறக்கோட்டையில மூட்டை இறக்கிறவர். அவவைத்தான் எனக்கு விருப்பம்..."