சின்னக் கட்டிலுக்குக் கடைசிப் பூச்சு

மரச்சாமான்களுக்கு வார்னிஷ் அடிப்பது என் தொழில். மற்ற விஷயங்களில் கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சொல்வேன். மரத்தைப் பற்றி மட்டும் அப்படிச் சொன்னதில்லை.

அந்த வீட்டில் ஒரு சின்னக் கட்டில். அதில் படுத்த பையன் காய்ச்சலில் போய்விட்டான். புதுசாக்கி யாருக்காவது கொடுத்துவிட வேண்டும் என்றார் அப்பாக்காரர். அம்மாக்காரி சுவரில் சாய்ந்து நின்றாள்.

பழைய பூச்சைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, பழுப்புச் சாயம் ஏற்றி, மேலே வார்னிஷ் அடித்தேன். தூசி படியாமல் அறையைச் சாத்திவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால், தலைமாட்டுப் பலகையின் ஈரத்தில் ஒரு கைத்தடம்.

ஐந்து விரல். என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

தேய்த்து அழித்து மறுபடி அடித்தேன். மறுபடி கை. வார்னிஷ் நெடியோடு காய்ச்சல் மருந்தின் இனிப்பு வாடை. என் தலையில் மிச்சமிருந்த நாலு முடியும் எழுந்து நின்றன. அதுவரை யாருக்கும் அவை அந்த மரியாதை கொடுத்ததில்லை.

"ஈரம்னா சும்மா இருக்க மாட்டான் அண்ணே," அம்மாக்காரி கிசுகிசுத்தாள். "தொடாதேன்னா கண்டிப்பா தொடுவான்."

"நீயே கை வச்சிருப்ப," என்றார் கணவர்.

"என் கை இவ்ளோதானா இருக்கு?"

அவர் என் பக்கம் திரும்பினார். "நாளைக்கு வண்டி வருது. முடிச்சிடுங்க பெரியவரே."

மறுநாள் கடைசிப் பூச்சு. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"டேய், தொடாதே. அடி வாங்குவ."

பலகை பளபளத்தது.

"தொடாதேன்னு சொல்றேன்ல!"

ஒன்றுமில்லை.

"தொடுடா கண்ணு. ஒரே ஒரு தடவ."

பூச்சு இறுக ஆரம்பித்தது. ஒரு புள்ளி குறையில்லை. என் கையால் அவ்வளவு நல்ல வேலை வந்ததில்லை. அதைப் பார்க்கத்தான் பிடிக்கவில்லை.

வெளியே வண்டி ஹாரன் அடித்தது. அப்பாக்காரர் வந்து பலகையைப் பார்த்தார். "பாத்தியா? எதுவும் இல்ல," என்றார். குரல் உடைந்திருந்தது. வண்டிக்காரனைக் கூப்பிடத் திரும்பினார்.

"சார், நில்லுங்க," என்றேன்.

அவர் பேன்ட்டின் பின்பக்கம், முழங்காலுக்கு மேலே, இரண்டு சின்னக் கைகள். ஈரப் பழுப்பு.

துணி அங்கே கொத்தாகச் சுருங்கியிருந்தது.

அவர் காலை இழுத்தார். வரவில்லை. குனிந்து பார்க்கவுமில்லை.

"விடுடா," என்றார் மெதுவாக. "கட்டில் எங்கயும் போகல. அப்பாவும் போகல."

துணி இன்னும் கொஞ்சம் இறுகியது.