வெள்ளிக்கிழமைகளில் மெலிந்த பன்றிகள்

"மேடம், இது கொலை கேஸ் இல்ல. பன்னி கேஸ்!" என்று மாடிப்படியிலிருந்தே கத்தினான் அழகன்.

ஹட்டனில் மருந்துக்கடைக்கு மேலே குடியிருந்த செல்வமலர், பொலிஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. இனியாவது நிம்மதியாக ஒரு கோப்பை தேநீர் குடிக்கலாம் என்று நினைத்தது அவர் செய்த தப்பு. காணாமல் போன ஆட்டிலிருந்து ஓடிப்போன மாப்பிள்ளை வரை எல்லா வில்லங்கமும் அந்தப் படியேறித்தான் வந்தது. அவற்றைத் தேடிப் பிடித்து ஏற்றி வருகிறவன் அழகன். நாற்பது வயது, சொந்த ஆட்டோ, தன்னைத் தானே உதவியாளனாக நியமித்துக்கொண்டவன். வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி செல்வமலருக்குத்தான் வாய் வலித்தது.

அவனுக்குப் பின்னால் வந்த பெண் தன்னை யசோதினி என்று அறிமுகம் செய்துகொண்டாள். யாழ்ப்பாணத்துப் பெண். கினிகத்தேனைக்கு மேலே, மூடிப்போன ஒரு தேயிலைத் தோட்டப் பிரிவில் நடக்கும் பன்றிப் பண்ணையில் ஆராய்ச்சி செய்கிறாள்.

"கறுப்பு, வெள்ளை எண்டு ரெண்டு பரம்பரைப் பன்றியள், அக்கா. ரெண்டுக்கும் ஒரே தீவனம், ஒரே அளவு. மலிவான தீவனத்தில எந்தப் பரம்பரை நல்லா வளருது, அதுக்கு எந்த மரபணு காரணம் எண்டு பார்க்கிறம். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நிறுக்கிறது. நான் மாதத்துக்கு ஒருக்கால்தான் வந்து கொப்பியை எடுப்பன். வெள்ளையில ஒரு பிரச்சினையும் இல்லை. கறுப்பில சில வெள்ளிக்கிழமையள் நிறை குறையுது."

"அதுக்கு நான் என்ன செய்யணும்? பன்னிக்கு டொனிக் எழுதிக் குடுக்கணுமா?"

"தீவனம் வைக்கிற வீரய்யா களவெடுக்கிறார் எண்டு மேலாளர் சொல்லுறார். இண்டைக்கு நாலு மணிக்கு வேலையால நிப்பாட்டுற கடிதம் குடுக்கப் போறார். வேலை போனா, குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போயிடும். மூண்டு பிள்ளையள் அக்கா. என்ர கணக்கைக் காட்டித்தான் அந்த மனுசனைத் துரத்துகினம். எனக்கு நித்திரையே வருகுதில்லை."

செல்வமலர் அவள் நீட்டிய நிறைக் கொப்பியைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்று, இரண்டு பக்கம் பின்னால் போய், மீண்டும் முன்னால் வந்தார். பிறகு ஆறிப்போன தேநீரை ஒரு வெறுப்போடு பார்த்துவிட்டுக் குடையை எடுத்தார்.

வழியெல்லாம் மழை. வழியெல்லாம் அழகனின் வாயும் ஓயவில்லை. முதலில் வீரய்யாதான் கள்ளன் என்றான். வட்டவளையைத் தாண்டும்போது மேலாளர்தான் என்றான். கினிகத்தேனை கடைத்தெருவில், கறுப்புப் பன்றிக்குப் பரம்பரை வியாதி என்று முடிவு கட்டினான்.

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க அழகன்," என்றார் செல்வமலர்.

பண்ணையில் இரண்டு கொட்டில்கள். வெள்ளைப் பன்றிகளின் கொட்டில் மேலே. அதன் கூரைக்கு அடியிலேயே ஒரு மூலையில் கூண்டுத் தராசு இருந்தது. கறுப்புப் பன்றிகளின் கொட்டில் கீழே. அங்கிருந்து தராசுக்கு வர, திறந்த முற்றத்தைத் தாண்டி ஐம்பது அடி ஏறவேண்டும். அன்றைய நிறுவை காலையிலேயே முடிந்திருந்தது.

மேலாளர் முத்துலிங்கம், மடித்த குடையும் தேய்த்த சட்டையுமாக அலுவலக வாசலில் நின்றார். அதே தோட்டத்தில் முப்பது வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்து, பிரிவு மூடப்பட்ட பிறகு பண்ணைக்கு வந்தவர்.

"கடிதம் எழுதியாச்சு. இதுல துப்பறிய ஒண்ணும் இல்ல," என்றார். "தீவனம் போகுது, நிறை குறையுது. ரெண்டையும் ரெண்டையும் கூட்டினா நாலு."

"நிறுக்கிறது யாரு?"

"பேச்சியம்மா. அவள நான்தான் கூட்டியாந்தேன். என்கிட்ட இருபத்திரண்டு வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்தவ. நிறுவை தெரிஞ்சவ, நேர்மையானவ. ஒரு கிலோ அங்க இங்க போகாது."

செல்வமலர் தலையாட்டினார். பிறகு அழகனைத் தனியே அழைத்து, வளைவுக்கு அப்பால் இருந்த தோட்டத் தொழிற்சாலைக்குப் போய், இந்த வருடத்து மழைப் புத்தகத்தை இரவல் வாங்கி வரச் சொன்னார். எத்தனை மில்லிமீற்றர் பெய்தது என்று அங்கே தினமும் எழுதி வைப்பார்கள்.

"மழைக்கும் பன்னிக்கும் என்னங்க மேடம் சம்பந்தம்?"

"போயிட்டு வாங்க, அழகன்."

கீழ்க் கொட்டிலில் வீரய்யா தொட்டி கழுவிக்கொண்டிருந்தார். மனிதர் அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. கோபம் மட்டும் நிறைய இருந்தது.

"வாளி எண்ணித்தாங்க வைக்கிறேன். இந்தப் பன்னி தவிட்ட நான் வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்யட்டும்? பிட்டு அவிக்கவா? சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டுபோச்சுங்க."

பேச்சியம்மா மேலே தராசுக்குப் பக்கத்தில், சாக்கை முக்காடாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பென்சிலைக் கத்தியால் சீவிக்கொண்டிருந்த கை ஒரு கணமும் நிற்கவில்லை.

"என் எழுத்துல பிழை வராதுங்க," என்றார், யாரும் கேட்காமலே. "முறைப்படிதான் நிறுக்கிறேன்."

அழகன் திரும்பி வந்தபோது ஆட்டோவின் பின்சீட் முழுக்க மழைப் புத்தகங்கள். செல்லரித்தவை, நூல் பிரிந்தவை, ஈரவாடை அடிப்பவை.

"எது வேணும்னு குழம்பிருச்சுங்க. ஸ்டோர்காரரும் வீட்டுக்குப் போற அவசரத்துல இருந்தாரு. அதான் எல்லாத்தையும் அள்ளிட்டு வந்துட்டேன்!"

செல்வமலர் கண்ணை மூடிக்கொண்டு பத்து வரை எண்ணினார். ஒரு புத்தகம் கேட்டால் நூலகத்தையே பெயர்த்து வரும் மனிதனை வைத்துக்கொண்டு எப்படித்தான் காலம் தள்ளுவது? குவியலுக்குள் இந்த வருடத்துப் புத்தகத்தைத் தேடி எடுக்கவே கால் மணி நேரம் போனது. அதைக் கொப்பியோடு வைத்து, விரலால் வரி வரியாகப் பார்த்தார். முகத்திலிருந்த சலிப்பு கொஞ்சம் குறைந்தது.

மூன்றே முக்காலுக்கு எல்லோரையும் தராசடிக்கு வரச் சொன்னார். முத்துலிங்கம் கையில் கடிதத்தோடு வந்தார். வீரய்யா கையைக் கட்டாமல் நின்றார்.

"பேச்சியம்மா, ஒரு வெள்ளைப் பன்னிய நிறுங்க."

பன்றி கூண்டுக்குள் ஏற்றப்பட்டது. "நாப்பத்தாறு," என்றார் பேச்சியம்மா.

"அழகன், அத வெளிய கொண்டுபோய் குழாய்த் தண்ணியால நல்லா நனைச்சுட்டு வாங்க."

பன்றிக்கு இதில் சம்மதமில்லை. யார் யாரை நனைத்தார்கள் என்று சொல்ல முடியாத நிலையில் இருவரும் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தார்கள். பன்றி மீண்டும் கூண்டில் ஏறியது.

"நாப்பத்தி நாலு," என்றார் பேச்சியம்மா.

யசோதினி முன்னால் பாய்ந்து தராசைப் பார்த்தாள். "முள்ளு நாப்பத்தாறுக்கு மேலயெல்லோ நிக்குது!"

"ஆமாங்க. நனைஞ்சிருக்குல்ல? ஈரத்துக்கு ரெண்டு கழிச்சுட்டேன்."



"கொப்பியப் பாத்தப்பவே சந்தேகம்," என்றார் செல்வமலர். "நூத்திப் பத்து கிலோ தாய்ப்பன்னிக்கும் இருக்க வேண்டியதுல ரெண்டு கிலோ குறையுது. இருபது கிலோ குட்டிக்கும் அதே ரெண்டு. பட்டினி போட்டா பெருசும் சிறுசும் ஒரே அளவா மெலியும்? வியாதிக்குத் தராசு பிடிக்கத் தெரியுமா? அடுத்த வாரம் போன ரெண்டு கிலோவும் திரும்பி வந்துருது. தின்ன தீவனத்தத் திருப்பிக் கொண்டாந்து வைக்கிற கள்ளன நான் கண்டதில்ல. அப்ப, மாறினது பன்னி இல்ல, நிறுவை. ஆனா வெள்ளையில ஏன் மாறல? வெள்ளை கூரைக்குள்ளேயே நடந்து தராசுக்கு வருது. கறுப்பு முற்றத்தத் தாண்டி வருது. மழைப் புத்தகத்தப் பாத்தேன். நிறை குறைஞ்ச ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மழை. குறையாத வெள்ளிக்கிழமை ஒண்ணுலகூட மழை இல்ல. இத ஒரு தடவ முற்றத்துல நின்னு யாராவது பாத்திருந்தா, நான் ஹட்டன்ல நிம்மதியா தேத்தண்ணி குடிச்சிருப்பேன்."

முத்துலிங்கத்தின் முகம் சிவந்தது. "ஏய் பேச்சியம்மா! உனக்கு அறிவு இருக்கா? இப்படிக் கழிக்கச் சொல்லி யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தது?"

"நீங்கதாங்க ஐயா."

பேச்சியம்மாவின் குரலில் குத்தல் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

"மழை நாள்ல எங்க கொழுந்து மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிச்சுத்தான் கூலி போடுவீங்க. பெரிய மூட்டைக்கும் ரெண்டு, சின்ன மூட்டைக்கும் ரெண்டு. ஒருநாள் நான் வாய் திறந்து கேட்டேன். 'ஈரத்தக் கழிக்காம எழுதினா அது களவு'ன்னு எல்லாருக்கும் முன்னால சொன்னீங்க. நான் களவு செய்ய மாட்டேங்க. அதான் கழிச்சேன்."

முத்துலிங்கம் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். வீரய்யா எட்டி அவர் கையிலிருந்த கடிதத்தை உருவினார். முத்துலிங்கம் தடுக்கவில்லை. வீரய்யா அதை நாலாகக் கிழித்துத் தன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டார். கீழே போட்டால் நாளைக்கு அவர்தான் கூட்டவேண்டும்.

யசோதினி உற்சாகமாகப் பேசிக்கொண்டே போனாள். "ஒண்டும் வீணாப் போகேல்லை அக்கா! மழை பெய்த வெள்ளிக்கிழமையள் எல்லாம் புத்தகத்தில இருக்குத்தானே? அந்தந்த நாளுக்கு ஒவ்வொரு பன்றிக்கும் ரெண்டு ரெண்டு கிலோவாத் திருப்பிக் கூட்டிவிட்டாச் சரி."

பேச்சியம்மா சாக்கை விலக்கிவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"திருப்பிக் குடுப்பீங்களா? பன்னிக்கு?"

"ஓம் அம்மா. அதுகளுக்குரிய நிறைதானே."

பேச்சியம்மா ஆட்டோவின் பின்சீட்டில் குவிந்திருந்த பழைய புத்தகங்களை வெகுநேரம் பார்த்தார். பிறகு முத்துலிங்கத்தைப் பார்த்தார்.

"அதுல எத்தன வருஷத்து மழை இருக்குங்க?"

சும்மா இருக்கத் தெரியாத அழகன்தான், தலையிலிருந்து தண்ணீர் வழிய வழியச் சொன்னான்: "எல்லா வருஷமும் இருக்குங்க பேச்சியம்மாக்கா. ஒண்ணு விடாம அள்ளிட்டு வந்திருக்கேன்."

அவனை வாயை மூடச் சொல்ல செல்வமலருக்கு அன்றுதான் முதல் தடவையாக மனம் வரவில்லை.