காலி இடம் ஆறட்டும்

காலை ஒன்பது மணிக்குப் போய் உட்கார்ந்தபோது நாற்காலி சூடாக இருந்தது. யாரோ வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்து இப்போதுதான் எழுந்து போனது மாதிரியான சூடு. அறையைத் திறந்ததே அவன்தான். சாவி இன்னும் கையில் இருந்தது. ஜன்னல் வெயில் பட்டிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். ஜன்னல் மேற்குப் பார்த்தது என்பதை வசதியாக மறந்துவிட்டான்.

அது அவனோடு வேலை பார்த்த மூத்தவர் நிதானத்தின் நாற்காலி. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. எதற்கெடுத்தாலும் "நிதானமா செய்யலாம்" என்று சொல்லிச் சொல்லியே ஆய்வகத்தில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. மூன்று நாளுக்கு முன் மதியம் அவர் மேசையில் தலை சாய்த்தார். குட்டித் தூக்கம் போடுகிறார் என்று எல்லோரும் ஓசைப்படாமல் நடந்தார்கள். நாலு மணிக்கு உலுக்கியபோதுதான் விஷயம் தெரிந்தது. அவன் மனதில் முதலில் எழுந்தது துக்கம் அல்ல, நிம்மதி. இனிமேல் இருவர் பேரிலும் வர வேண்டிய ஆய்வுக் கட்டுரையைத் தடுக்க ஆள் இல்லை என்ற கேடுகெட்ட நிம்மதி.

இருவரும் செய்தது கணினி நினைவகத்தின் பாதுகாப்பு பற்றிய ஆராய்ச்சி. ஒரு புரோகிராம் வேலைக்காக நினைவகத்தில் இடம் வாங்கும், முடிந்ததும் காலி செய்யும். அந்த இடத்தை உடனே வேறொன்றுக்குக் கொடுத்தால் வம்பு. பழைய முகவரியைக் கையில் வைத்திருக்கும் எவனோ வருவான். உள்ளே இருக்கும் புதியவனைப் பழையவன் என்றே எண்ணிப் பேசுவான். திருடன் புகும் ஓட்டை அதுதான். பழைய முகவரி ஒன்றுகூட எங்கும் மிச்சமில்லை என்று முழுக்கத் தேடிப் பார்த்த பிறகே இடத்தைக் கொடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. "காலி இடம் கொஞ்சம் ஆறட்டும்பா" என்பார். ஆற விட்டால் கணினி மந்தமாகிறது. அவன் தேடலைப் பாதியில் வெட்டினான். வேகம் கூடியது, ஆய்வகத் தலைவி முதுகில் தட்டிக்கொடுத்தார், நிதானம் கட்டுரையில் கையெழுத்துப் போட மறுத்தார். மறுத்த வாரமே போய்ச் சேர்ந்தார். ஈரம் காய்வதற்குள் அவன் அந்த ஜன்னலோர மேசையைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

சரியாக ஒரு மணிக்கு மேசைத் தொலைபேசி அடித்தது.

"சாப்பிட்டீங்களா?"

நிதானத்தின் மனைவி. அவன் அண்ணி என்று கூப்பிடுபவள். அவள் வீட்டில் எத்தனையோ முறை கை நனைத்திருக்கிறான். பாவம், துக்கத்தில் புத்தி தடுமாறிப் பழக்கத்தில் எண்ணை அழுத்தியிருக்கிறாள். உண்மையைச் சொல்ல வாயெடுத்தான். மூன்றே நாளில் உங்கள் புருஷன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? "ம்" என்றான். மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்டாள். அதற்கும் "ம்". மறுமுனையில் அவள் நிம்மதியாக மூச்சு விடுவது கேட்டது.

மறுநாளும் ஒரு மணிக்கு அடித்தது. அதற்கு மறுநாளும். சமையலறைக் குழாய் ஒழுகுவதை அவள் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் என்று அவன் பதில் சொன்னான். சொல்லிவிட்டு ரிசீவரையே பார்த்துக்கொண்டிருந்தான். சுவருக்கு அப்பால் கணினிகளின் விசிறிகள் ஓயாமல் இரைந்துகொண்டிருக்க, சூடான தூசி வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை, நிதானம் கழுத்து வலிக்குத் தடவும் தைலத்தின் வாசனை, நாற்காலியின் முதுகிலிருந்து கிளம்பி அவன் காலருக்குள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. டீ கொண்டுவரும் அம்மா சர்க்கரை போடாத டீயை வைத்துவிட்டுப் போனாள். அவன் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் குடிப்பவன். குடித்தான். பிடித்திருந்தது.

அன்று மதியம் பயந்துபோய், பாதியில் வெட்டிய தேடலை முழுசாக ஓட்டினான். காலியான ஓர் இடத்துக்குப் பழைய முகவரிகள் எத்தனை மிச்சம் என்று திரை காட்டும். நாற்பத்தொன்று என்றது. தேடத் தேட அது குறைய வேண்டும். ஐம்பத்தெட்டு. எழுபத்து மூன்று. முந்நூறு.

கதவைத் திறந்து தலைவி எட்டிப் பார்த்தார்.

"கையெழுத்து போடறீங்களா இல்லையா, நிதானம்? அந்தத் தம்பி எப்பவோ போட்டாச்சு. நீங்கதான் பாக்கி."

விளையாடுகிறார் என்று சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. மேடம், நான்தான் அந்தத் தம்பி என்று சொல்லப் போனான். வாயிலிருந்து வந்தது வேறு.

"நிதானமா செய்யலாம்மா."

கைகளைப் பார்த்தான். புறங்கையில் நரம்புகள் புடைத்திருந்தன. எப்போதிலிருந்து? வீட்டு எண்ணை அழுத்தினான். மனைவி எடுத்தாள். அவள் பெயரைச் சொன்னான்.

"யாருங்க பேசறது?"

வைத்துவிட்டு ஓடினான். ஆய்வகமும் கட்டுரையும் எக்கேடோ கெட்டுப் போகட்டும். வீட்டில் மனைவி இருக்கிறாள், ஆறு வயது மகள் இருக்கிறாள். எல்லோருக்கும் அவன் இங்கே நிதானம் என்றால், அங்கே அவன் இடம் காலி. காலியான இடத்தை என்ன செய்வார்கள் என்று அவனுக்குத் தெரியும். சுத்தமாகத் துடைப்பார்கள். வெறுமையாக்குவார்கள். கொடுத்துவிடுவார்கள். ஆற விடத் தேவையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் அவனேதான்.

சுள்ளென்று வெயில். மூச்சு இரைத்தது. மாடிப்படி. அவன் வீட்டுக் கதவு. அழைப்புமணி.

மனைவி திறந்தாள். வீட்டுக்கு வரும் பெரிய மனிதருக்குக் காட்டும் புன்னகை.

"வாங்கண்ணா. அவர் சாப்பிட்டுட்டிருக்கார். உட்காருங்க."

அவள் தோளுக்கு மேலே பார்த்தான். சாப்பாட்டு மேசை. அவனுடைய நீலச் சட்டை. அதைப் போட்டிருந்த முதுகு. மடியில் மகள், பள்ளிக்கூடத்துக் கதையை ஓயாமல் அளந்துகொண்டிருந்தாள்.

கூப்பிட நினைத்தான்.

அது திரும்பியது.

முகம் இல்லை. நெற்றியிலிருந்து தாடை வரை ஒரே தோல். வழுவழுப்பாக. துடைத்து வைத்த தட்டு மாதிரி.

மகள் ஒரு கவளத்தை எடுத்தாள். "அப்பா, ஆ காட்டு."

தோலில் பட்டுச் சோறு உதிர்ந்தது. அவள் சலிக்காமல் இன்னொரு கவளம் எடுத்து, வாய் இருக்க வேண்டிய இடத்தில் வைத்து, பிஞ்சு விரல்களால் அழுத்தினாள். மனைவி அதைப் பார்த்துச் சிரித்தாள். விரல்களுக்கு அடியில் தோல் மெல்ல அசைந்தது. நீளமாக, பக்கவாட்டில், பிளக்கத் தொடங்கியது.