அடம்பிடித்த பெட்டி

லாரி நின்றதும் காற்றும் நின்றுவிட்டது.

சங்ககிரிக்குப் போகிற வழியில் ஒரு ரயில்வே கேட். தண்டவாளத்தில் ஒரு கூட்ஸ் வண்டி நகராமல் நின்றுகொண்டிருந்தது. முன்னால் வரிசையாக லாரிகள். பின்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள். முன்னாலும் போக முடியாது, திரும்பவும் முடியாது. சித்திரை வெயிலில் தார் இளகி டயரில் ஒட்டியது.

அது சௌந்திரத்தின் அப்பா செங்கோடனின் லாரி. அவரே ஓட்டுவார். ஐந்தாம் வகுப்பு முடித்து விடுமுறையில் இருந்த சௌந்திரம், இன்று அவரோடு நாமக்கல்லுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். லாரியின் பின்பக்கம், தார்ப்பாய்க்கு அடியில், ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிகளில் ஆயிரம் கோழிக்குஞ்சுகள் இருந்தன. எல்லாம் நேற்றுத்தான் முட்டையிலிருந்து வெளிவந்தவை. அம்மா புதிதாகத் தொடங்கும் பண்ணைக்கு இவைதான் முதல் குஞ்சுகள்.

லாரி ஓடினால் காற்று தானாக உள்ளே வரும். நின்றால் வராது. அதற்காகவே அப்பா பின்பக்கத்தில் ஒரு சின்ன மின்விசிறியைப் பொருத்தியிருந்தார். ஒரு பழைய காரிலிருந்து கழற்றியது. அதற்குப் பன்னிரண்டு வோல்ட் போதும். லாரி பேட்டரியோ இருபத்து நான்கு வோல்ட். நேராகக் கொடுத்தால் விசிறி கருகிவிடும். அதனால் நடுவில் ஒரு தகரப் பெட்டி. இருபத்து நான்கை வாங்கிப் பன்னிரண்டாகக் குறைத்துக் கொடுப்பது அதன் வேலை. கொடுக்கும்போது பச்சை விளக்கு எரியும். நிறுத்திக்கொண்டால் சிவப்பு.

இப்போது எரிந்தது சிவப்பு. விசிறி சுற்றவில்லை.

கிளீனர் சின்னராஜ் பெட்டியின் தலையில் ஓங்கி ஓர் அறை விட்டான். ரேடியோவிலிருந்து தண்ணீர் மோட்டார் வரைக்கும் அவனுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

பெட்டி அசைந்துகொடுக்கவில்லை.

சௌந்திரம் ஓர் அட்டைப்பெட்டியைத் திறந்தாள். குஞ்சுகள் இறக்கையை விரித்து, வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. ஒரு குஞ்சு தலையைத் தொங்கப்போட்டுக் கிடந்தது. அவள் அதை மெல்ல எடுத்து உள்ளங்கையில் வைத்தாள்.

"அப்பா! குஞ்சுக்கு மூச்சு முட்டுதுங்கப்பா!"

அப்பா தார்ப்பாயை அவிழ்த்துவிட்டார். வெளியே ஓர் இலைகூட ஆடவில்லை. இறக்கி வைக்கலாம் என்றால் பக்கத்தில் நிழலே இல்லை. தரை அடுப்பாகக் கொதித்தது.

"அண்ணா, இந்தப் பொட்டி வேலைக்காவாதுங்க" என்றான் சின்னராஜ். "இதைக் கழட்டிப்போட்டு, பேட்டரியில இருந்து நேரா ஃபேனுக்குக் குடுத்தரலாமுங்க."

"ஃபேன் கருகிப் போயிருமேடா?"

"சித்த நேரம் தாங்குமுங்ணா. அதுக்குள்ள கேட்டைத் தெறந்துருவாங்க."

அப்பா யோசித்தார். குஞ்சுகளைப் பார்த்தார். பிறகு கட்டிங்பிளேயரை எடுத்துவரப் போனார்.

சௌந்திரத்துக்கு அழுகை முட்டியது. ஆனால் அழுதால் காற்று வராது. அவள் விசிறிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அண்ணா, ஒருக்கா ஸ்விட்சைப் போடுங்க."

சின்னராஜ் போட்டான். பச்சை எரிந்தது. விசிறி 'ம்ம்ம்' என்று முனகியது. உடனே சிவப்பு.

"இன்னொருக்கா."

பச்சை. முனகல். சிவப்பு.

அதற்குள் அப்பா வந்துவிட்டார். பிளேயரின் வாய் ஒயரைக் கவ்வியது.

"வெட்டாதீங்கப்பா!" என்று கத்தினாள் சௌந்திரம். "மொதல்ல ஃபேன்தான் மொனகுது. அதுக்கப்புறந்தான் பொட்டி நிக்குது."

"அதுக்கு என்ன சாமி இப்ப? நேரமாவுதல்ல?"

"ஃபேன் ஒயரை மட்டும் கழட்டிவுட்டுப் பாக்கலாமுங்கப்பா. அப்பவும் செவப்பு எரிஞ்சா நீங்க வெட்டிக்கோங்க."

அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு விசிறியின் ஒயரைக் கழற்றினார். சின்னராஜ் ஸ்விட்சைப் போட்டான்.

பச்சை எரிந்தது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். பச்சை பச்சையாகவே இருந்தது.

"பொட்டி நல்லாத்தானுங்கப்பா இருக்குது! ஃபேன் சுத்த முடியாம அளவுக்கு மேல கரண்டை இழுக்குது. அதனாலதான் பொட்டி குடுக்க மாட்டேங்குது."

அப்பா ஸ்விட்சை அணைத்துவிட்டு, விசிறியின் இறக்கையை விரலால் தள்ளினார். அது நகரவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தார். இறக்கைக்குப் பின்னால், நடுத்தண்டில், சணல் கயிறு இறுக்கிச் சுற்றியிருந்தது. அட்டைப்பெட்டிகளைக் கட்டிய கயிறு. கட்டியது யார் என்று அப்பா கேட்கவில்லை. சின்னராஜ் தானாகவே வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

"நேராக் குடுத்திருந்தா தீப்புடிச்சிருக்குமேடா" என்றார் அப்பா. சுற்றிலும் அட்டை, வைக்கோல், உயிருள்ள குஞ்சுகள்.

அவருடைய தடித்த விரல் விசிறியின் பின்பக்கக் கம்பித் தடுப்புக்குள் நுழையவில்லை. சௌந்திரம் குஞ்சை மடியில் விட்டுவிட்டுத் தன் விரலை நுழைத்தாள்.

"ஸ்விட்சைத் தொட்றாதீங்கண்ணா!"

"இல்ல சாமி, நான் தொடவே மாட்டேன்" என்று சின்னராஜ் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டான்.

கயிறு வழுக்கியது. நகம் மடங்கி வலித்தது. குஞ்சுகளின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. அதுதான் அவளை மிகவும் பயமுறுத்தியது. ஒரு முனை கிடைத்தது. இழுத்தாள். அறுந்தது. மறுபடி தேடி இழுத்தாள். மொத்தக் கயிறும் உருவிக்கொண்டு வந்தது.

அப்பா ஒயரை மாட்டினார். ஸ்விட்சைப் போட்டார்.

பச்சை.

விசிறி முனகவில்லை. ஒரு சுற்று, இன்னொரு சுற்று, பிறகு இறக்கையே தெரியாத வேகம். அட்டைப்பெட்டிகளின் ஓட்டைகள் வழியே காற்று பாய்ந்தது.

கொஞ்ச நேரத்தில் ஒரு மூலையிலிருந்து 'கீச்' என்றது ஒரு குஞ்சு. பக்கத்துப் பெட்டி பதில் சொன்னது. பிறகு லாரி முழுக்க ஒரே இரைச்சல்.

சின்னராஜ் தோளில் கிடந்த துண்டால் தகரப் பெட்டியைத் துடைத்தான். "அடிச்சதை மனசுல வச்சுக்காத" என்று அதனிடம் மெதுவாகச் சொன்னான்.

சௌந்திரம் சிரிக்கவில்லை. மடியில் கிடந்த குஞ்சைக் கையில் ஏந்தி விசிறிக்கு நேராகப் பிடித்தாள். அதன் மஞ்சள் முடி காற்றில் பறந்தது. ஆனால் தலை நிமிரவில்லை. அப்பா பாட்டிலைத் திறந்து, ஒரு சொட்டுத் தண்ணீரை அதன் அலகில் விட்டார்.

கூட்ஸ் வண்டி ஊதியது. பின்னாலிருந்த டிராக்டர்கள் ஹாரன் அடித்தன. யாரும் எழுந்திருக்கவில்லை.

குஞ்சு ஒரு கண்ணைத் திறந்தது. தள்ளாடி எழுந்தது. அவள் கட்டைவிரலை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, நறுக்கென்று கொத்தியது.

"ஆ!" என்றாள் சௌந்திரம், சந்தோஷமாக.