முன்னாலேயே வந்தவன்

காமயகவுண்டன்பட்டியில் டவுன் பஸ்ஸை விட்டு முஜிபுர் ரஹ்மான் இறங்கியபோது மணி இரண்டு. திராட்சைத் தோட்டங்களில் மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை தெருவரைக்கும் வந்தது. இன்னும் நாலு வீடு தாண்டினால் பாண்டீஸ்வரனின் வீடு. அந்த நாலு வீட்டைத் தாண்டக் கால் வரவில்லை.

பாண்டி கடலில் காணாமல் போய் ஒரு நாள் ஆகிறது. அதை அவனைப் பெற்றவளிடம் சொல்லத்தான் முஜிபு விடியற்காலையிலேயே ராமநாதபுரத்தில் பஸ் ஏறியிருந்தான்.

முஜிபு, பாண்டி, சங்கிலி மூவரும் கம்பத்தில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். கடலுக்குப் போகலாம் என்று நச்சரித்தவன் பாண்டிதான். "பொறந்ததுலருந்து மலையையே பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு மாப்ள" என்பான். 2006 ஜனவரியில், பொங்கல் முடிந்த மறுநாள் கிளம்பிவிட்டார்கள். முதல் நாள் ராமநாதபுரத்துக் கடலில் படகேறி ஒரு தீவைச் சுற்றி வந்தார்கள். பாண்டி படகின் முனையில் உட்கார்ந்துகொண்டு அலை தூக்கும்போதெல்லாம் சின்னப்பிள்ளை மாதிரி கூச்சல் போட்டான்.

இரண்டாம் நாள் பவளப்பாறை பார்க்கப் போனார்கள். முகத்தில் கண்ணாடியை மாட்டி, வாயில் ரப்பர்க் குழாயைக் கடித்துக்கொண்டு குப்புற மிதக்க வேண்டும். குழாய் வழியாகத்தான் மூச்சு. சங்கிலிக்குக் குமட்டல், அவன் படகிலேயே படுத்துவிட்டான். எல்லைக்குக் கட்டிய மிதவைக் கயிற்றைத் தாண்டிப் போகாதீர்கள் என்று படகுக்காரர் சொல்லித்தான் விட்டார். மற்ற இருவரும் தாண்டினார்கள். திரும்பி வந்தது ஒருவன்.

"நான் தலையைத் தூக்கிப் பாத்தேன். அவனைக் காணோம்." போலீசிடம் முஜிபு சொன்னது அவ்வளவுதான். இருட்டும்வரை தேடியும் உடல் கிடைக்கவில்லை. சங்கிலியைக் கரையில் விட்டுவிட்டு இவன் கிளம்பி வந்திருந்தான். போனில் சொல்கிற சேதியா இது?

பாண்டியின் அம்மா பவுனு வாசலில் ஈர டவுசர் ஒன்றைப் பிழிந்து கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். இவனைப் பார்த்ததும் சிரித்தாள்.

"வா மருமகனே. இப்பத்தான் வர்றியா? அவன் வெள்ளனமே வந்துட்டானே."

முஜிபுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"யாரு அத்தை?"

"யாருன்னு கேக்குற? ஒங்கூடப் போனவன்தான். பையைக்கூட எடுக்காம, நனைஞ்ச டவுசரோட வந்து நிக்கிறான். அந்தா உள்ள படுத்துருக்கான்."

முஜிபு அப்படியே உட்கார்ந்துவிட்டான். நெஞ்சு விம்மிக் கண்ணில் நீர் முட்டியது. பிழைத்துவிட்டான்! ஏதோ ஒரு படகு தூக்கியிருக்கிறது. எந்தக் கரையிலோ இறங்கி, எந்த லாரியிலோ ஏறி ஊர் வந்துவிட்டான். அல்லாவே!

அடுத்த கணமே இன்னொன்று உறைத்தது. பிழைத்து வந்தவனுக்கு எல்லாம் தெரியுமே.

"ஏதாச்சும் சொன்னானா அத்தை?"

"எங்க பேசுனான்! தண்ணி தண்ணின்னான். ஒரு குடம் தண்ணிய அப்படியே தூக்கிக் குடிச்சான். அப்பவும் தாகம் அடங்கல. மூக்கோரமா வேற காயம். எங்கனடா விழுந்தன்னு கேட்டேன். 'முஜிபு வருவான், அவனைக் கேளு'ன்னுட்டு சுருண்டு படுத்துக்கிட்டான்." காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "நீ போயிப் பேசிக்கிட்டிரு. கொழாயில தண்ணி வருது, புடிச்சிட்டு வந்துர்றேன்."

அவள் தெருவில் இறங்கினாள்.

உள்ளறைக் கதவு பாதி சாத்தியிருந்தது. பட்டப்பகலிலும் அந்த அறைக்குள் வெளிச்சம் ஏறாது. ஒரே ஜன்னலையும் நெல் மூட்டைகள் அடைத்திருந்தன. கதவை நெருங்க நெருங்க மருந்து வாடை போய், வேறொரு வாடை வந்தது. கடற்கரையில் ஒதுங்கி அழுகிய பாசியின் வாடை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

ஹூ... ஹா... ஹூ... ஹா...

குழாய் வழியாக விடும் மூச்சு.

முஜிபு கதவைத் தள்ளினான். பாயில், சுவரைப் பார்த்தபடி, தலையோடு போர்த்திக்கொண்டு ஓர் உருவம் கிடந்தது. மூச்சுக்கு மூச்சு போர்வை ஏறி இறங்கியது. பாயைச் சுற்றித் தரை ஈரம்.

"பாண்டி..."

மூச்சு நின்றது.

போர்வை அசையவில்லை. திரும்பி ஓடிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் பாயருகே போய் உட்கார்ந்தான்.

"மாப்ள, வேணும்னு செய்யலடா. பயந்துட்டேன். சத்தியமா பயந்துட்டேன்."

"என்ன செஞ்ச?"

குரல் பாயிலிருந்து வரவில்லை. பின்னால், நிறைகுடத்தோடு பவுனு நின்றிருந்தாள்.

இனி மறைக்க அவனிடம் தெம்பு இல்லை. சொன்னான். கடலின் இழுப்பு அதிகமானதும் பாண்டியின் குழாய்க்குள் தண்ணீர் ஏறிவிட்டது. மூச்சுத் திணறி, பிடிக்க ஒன்றும் இல்லாமல், முஜிபின் காலைப் பிடித்தான். முஜிபையும் சேர்த்து இழுத்தது. ஒரு உதை விட்டான், பிடி விடவில்லை. இரண்டாவது உதை முகத்தில் விழுந்தது. கண்ணாடி உடைந்தது. அப்புறம் கால் லேசாகிவிட்டது.

"திரும்பிப் பாக்கலையா?"

"பாக்கல அத்தை."

பவுனு குடத்தை இறக்கிவைத்தாள். குனிந்து போர்வையை இழுத்தாள்.

யாரும் இல்லை.

பாயில் ஆள் படுத்த அளவுக்கு ஈரம் மட்டும் இருந்தது.

முஜிபின் சட்டைப்பையில் செல்போன் அலறியது. சங்கிலி. அவன் அழுதுகொண்டே பேசியது அந்தச் சின்ன அறை முழுக்கக் கேட்டது. "பாண்டி கரை ஒதுங்கிட்டான்டா. காலைல மீன்காரவுக பாத்துருக்காக. மூக்கோரமா காயம் இருக்கு, பாறையில அடிச்சிருக்கும்னு போலீஸ்காரவுக சொன்னாக. அத்தைகிட்டச் சொல்லிட்டியா?"

பவுனு அழவில்லை. ஈரப்பாயைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"தண்ணி குடிச்சானே" என்றாள். "எங்கையாலதான வாங்கிக் குடிச்சான்."

உடல் வந்தது. எரித்தார்கள். பாறையில் அடிபட்டதாகவே ஊர் பேசிக்கொண்டது. பவுனு யாரிடமும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தைத்தான் முஜிபால் தாங்க முடியவில்லை. திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்துப் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனான். பந்தியில் கூப்பிட்டு உட்காரவைத்து அவளே சோறு போட்டாள்.

கிளம்பும்போது தெருமுனை வரைக்கும் கூடவே வந்தாள்.

"தெனமும் வந்தான் மருமகனே. வருவான், தண்ணி குடிப்பான், படுத்துக்குவான். நேத்தோட சரி. இனிமே வரலன்னு சொல்லிட்டான்."

முஜிபு நடையை நிறுத்தினான்.

"மாப்ள கூட இருந்துக்கிறேன்னான்."

அவள் குரலில் கோபம் இல்லை. பிள்ளையை வெளியூர் அனுப்புகிறவள் மாதிரி அவன் தோளைத் தொட்டாள்.

"பாத்துக்கய்யா."

கம்பத்தில் இறங்கியதும் அவன் வீட்டுக்குப் போகவில்லை. ஆட்கள் இருக்கிற இடமாக இருக்கவேண்டும் என்று நேராகப் பள்ளிவாசலுக்குப் போனான். மஃரிபு என்கிற அந்தித் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிப் பத்துப் பேர் தொழுகைக்காக முகம் கைகால் கழுவி ஒளு செய்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் கடைக்காரர் பக்கீர் முகம்மது. பேச்சுச் சத்தமும் சிரிப்பும் கேட்டதில் முஜிபுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. கையைக் கழுவினான். இரண்டு கையாலும் அள்ளி வாயில் ஊற்றினான்.

உப்பு.

தொண்டையை அறுக்கும் உப்பு. குமட்டிக்கொண்டு துப்பினான்.

"என்னப்பா, புரையேறிருச்சா?" என்றார் பக்கீர் முகம்மது. அதே தொட்டியில் அள்ளி, நிதானமாக மூன்று முறை வாய் கொப்பளித்தார். "நல்ல தண்ணிதான. குடி."

முஜிபு மறுபடியும் துப்பினான். அவன் பல்லுக்கு அடியில் மணல் நறநறத்தது.